முட்டுக்கட்டை என்பது வசைச்சொல்லா?

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் ஒரு முறையேனும் நின்றவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. வடம் பிடிக்கும் ஆயிரக்கணக்கான கைகளைப் பார்க்கிறோம். தேரின் உச்சியை அண்ணாந்து பார்க்கிறோம். உள்ளே எழுந்தருளியிருக்கும் ஆண்டாளையும் ரங்கமன்னாரையும் கண்டு கைகூப்புகிறோம். சக்கரத்தின் அடியில் மட்டும் நாம் பார்ப்பதில்லை. அவ்வளவு பெரிய பாரம் உருண்டு வரும் பாதையில், குனிந்த நிலையிலேயே நகர்ந்து செல்லும் சிலர் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் கையில் ஆப்பு வடிவில் செதுக்கிய கனத்த மரக்கட்டை. எந்தச் சக்கரத்துக்கு, எந்தக் கோணத்தில், எந்த நொடியில் அதைக் கொடுக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். வீதி நேராகச் செல்லும்வரை இழுப்பவர்களின் பலம் போதும். முனை வந்துவிட்டால் பலம் மட்டும் போதாது. தேரைத் திருப்பிக் கொடுப்பது அந்தக் கட்டைதான்.

அதற்குப் பெயர் முட்டுக்கட்டை. சறுக்குக்கட்டை என்பாரும் உண்டு. உருளும் பெருந்தேருக்கு அச்சாணி எவ்வளவு இன்றியமையாதது என்று சொல்ல வள்ளுவர் இருந்தார். முட்டுக்கட்டைக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. மொழி அதை வசைச்சொல்லாக்கிவிட்டது. நல்ல காரியத்தைத் தடுப்பவனை, முன்னேற்றத்துக்குக் குறுக்கே நிற்பவனை, 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்கிறோம். தேரைத் திருப்பும் கருவி, தடையின் உருவகமாக மாறிப்போனது நம் சொற்களின் வரலாற்றில் ஒரு சிறிய அநீதி என்றே தோன்றுகிறது.

இந்த அநீதி இப்போது நினைவுக்கு வரக் காரணம், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் உள்ள இராஜபாளையத்தில் நண்பர் ஒருவர் சொன்ன செய்தி. நூற்பாலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் நெடுங்காலம் பணிபுரிபவர் அவர். நல்ல வாசகரும் கூட. அவருடைய ஆலையில் செயற்கை நுண்ணறிவின் துணையோடு இயங்கும் மென்பொருள் ஒன்றை நிறுவினார்கள். எந்தக் கதிரில் இழை அடிக்கடி அறுகிறது, எந்தப் பொதிப் பஞ்சை எதனோடு எந்த விகிதத்தில் கலக்கலாம், எந்த இயந்திரம் விரைவில் பழுதாகும் என்றெல்லாம் அது முன்கூட்டியே சொல்லும். முன்பு நண்பகலில் மேசைக்கு வந்த அறிக்கை, ஷிப்டு தொடங்கும்போதே கைப்பேசிக்கு வந்துவிட்டது. முதல் சில மாதங்கள் யாவரும் மகிழ்ந்தார்கள். நண்பரும்தான்.

பிறகு ஒருநாள், ஒரு பகுதியில் மட்டும் இழைகள் அளவுக்கு மீறி அறுந்தன. மென்பொருள் பஞ்சைக் குறை சொன்னது. கலவையை மாற்றச் சொன்னது. மாற்றினார்கள். குறையவில்லை. மறுபடியும் மாற்றச் சொன்னது. பழைய மேஸ்திரி ஒருவர், விரல்நுனியில் நூலைத் தடவிப் பார்த்துவிட்டு, 'காத்து காஞ்சு கெடக்கு, ஈரம் பத்தல' என்றார். ஆனால் ஈரப்பதத்தை அளக்கும் கருவி எல்லாம் சரியாக இருப்பதாகவே காட்டிற்று. காரணம் பிற்பாடுதான் தெரிந்தது. கருவி இருந்த இடம் ஈரக்காற்று வெளிவரும் வாயின் அருகில். வரண்டு கிடந்தது கூடத்தின் மறுகோடி. மேஸ்திரி சொன்னதை எங்கே பதிவது? திரையில் அதற்கு ஒரு கட்டம் இல்லை. அதிகாரி, 'சிஸ்டம் சொல்வதற்கு மாறாகச் செய்து நஷ்டம் வந்தால் யார் பதில் சொல்வது?' என்று தயங்கினார். இரண்டு ஷிப்டு நூல் வீணாயிற்று. இதில் நண்பரை வருத்தியது வீணான நூல் அல்ல. பின்னர் நடந்த கூட்டத்தில் அந்த மேஸ்திரியைப் பற்றி ஒருவர் கூறிய சொல். 'இவங்கள்லாம் புதுசு எது வந்தாலும் முட்டுக்கட்டை போடறவங்க.'

நிறுவனங்கள் செயற்கை நுண்ணறிவை நாடுவதற்குச் சொல்லும் காரணங்களில் முதன்மையானது, அது தங்களை மேலும் 'அஜைல்' ஆக்கும் என்பது. இந்தச் சொல்லுக்குத் தமிழில் சுறுசுறுப்பு, விரைவு, துரிதம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். நமக்கு இவை எதுவும் பொருந்துவதாகத் தோன்றவில்லை. நம்மிடம் இதற்கென்றே ஒரு நல்ல சொல் இருக்கிறது: லாவகம். இலகு என்பதோடு உறவுடைய வடசொல் வழி வந்தது. கனமின்மையும் கைத்திறனும் கூடிய நிலை அது. லாவகமாகப் பந்தைப் பிடித்தான் என்கிறோமே தவிர, லாவகமாக ஓடித் தூணில் மோதினான் என்று சொல்வதில்லை. வேகம் நேர்க்கோட்டின் குணம். லாவகம் வளைவின் குணம். வள்ளுவர் காலமறிதலில் கொக்கைக் காட்டுகிறார். அசையாமல் நிற்பதும் சட்டெனக் குத்துவதும் அப்பறவைக்கு ஒரே திறமையின் இரு பக்கங்கள். நிற்கத் தெரியாத விரைவை அவர் லாவகத்தில் சேர்த்திருக்க மாட்டார்.

நிறுவன உலகில் இச்சொல் பரவியதன் வரலாறும் இதையே சொல்கிறது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு பனிமலை விடுதியில் கூடிய 17 மென்பொருள் வல்லுநர்கள் வெளியிட்ட சுருக்கமான அறிக்கையிலிருந்து 'அஜைல்' என்ற சொல் பரவலாயிற்று. அவ்வறிக்கை முதலில் சொன்னதே, கருவிகளையும் வழிமுறைகளையும்விட மனிதர்களும் அவர்களுக்கிடையேயான உரையாடலும் மேலானவை என்ற கருத்தைத்தான். இன்று அதே சொல்லின் பெயரால் கருவி வருகிறது, உரையாடல் வெளியேறுகிறது. இந்த முரணை நாம் கவனிக்க வேண்டும்.

அவ்வல்லுநர்கள் கடன்பட்ட மரபுகளுள் ஜப்பானியத் தொழிற்சாலை மரபும் ஒன்று. அதன் வேரைத் தேடிப் போனால், இராஜபாளையத்துக்காரர்கள் மகிழத்தக்க ஓர் இடத்தில், ஒரு தறியின் முன்னால் போய் நிற்போம். 1924இல் சகிச்சி டொயோடா உருவாக்கிய தானியங்கித் தறியின் சிறப்பு அதன் வேகம் மட்டுமன்று. நூல் அறுந்தால் அது தானே நின்றுவிடும். அதன் காப்புரிமையை 1929இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் வாங்கியது. டொயோடா குடும்பம் பின்னர் மோட்டார் வாகனத் தொழிலுக்கு வந்தபோது தறியின் அந்தக் குணமும் கூடவே வந்தது. வாகனம் பூட்டும் வரிசையில் நிற்கும் எந்தத் தொழிலாளியும், குறை கண்டால் தலைக்குமேல் தொங்கும் கயிற்றை இழுத்து எச்சரிக்கலாம். குறை தீராவிட்டால் வரிசையே நின்றுபோகும். அந்தத் தொழிலாளியை அங்கே யாரும் முட்டுக்கட்டை என்று ஏசவில்லை. உலகம் வியந்த தொழில் லாவகத்தின் அடியில் இருந்தது, நிறுத்தும் உரிமை.

இங்கே நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் இராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். அவர் பெயரின் சுருக்கத்தைத் தாங்கிய ராம்கோ குழுமத்திலிருந்தே ராம்கோ சிஸ்டம்ஸ் பிறந்தது. 1992இல் குழும நிறுவனம் ஒன்றின் ஆய்வுப் பிரிவாகத் தொடங்கி, 1997இல் தனி நிறுவனமாகி, பிற நிறுவனங்களின் கணக்கையும் கிடங்கையும் சம்பளப் பட்டியலையும் ஒரே வலையில் கோக்கும் மென்பொருளை இந்தியாவிலிருந்து உலகுக்கு விற்றது. ஆகவே நூற்பாலைக்காரன் கணினிக்கு அஞ்சுபவன் என்ற எண்ணம் இந்த மண்ணைப் பொறுத்தவரை பொய். கேள்வி கணினி வேண்டுமா என்பதல்ல. அது வந்த பிறகு ஓர் அமைப்பினால் திரும்ப முடிகிறதா என்பதே.

லாவகம் எதில் இருக்கிறது என்பதை அறிய ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா காய்ச்சும் ஏதேனும் ஒரு கொட்டகைக்குப் போனால் போதும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பண்டத்தில் பாலும் சர்க்கரையும் தவிர வேறெதுவும் இல்லை. நாள்தோறும் வரும் பால் ஒன்றுபோல் இருப்பதில்லை. மழைக்காலப் பாலும் கோடைப் பாலும் வேறு. விறகின் தன்மை வேறு. சரக்கைப் பல நாள் வைத்திருக்கவும் முடியாது. கூட்டம் வரும் நாளில் கூடுதலாகவும் வராத நாளில் குறைவாகவும் போட வேண்டும். இத்தனை மாறிகளுக்கு நடுவில் அந்தச் சிறிய அமைப்பு தடுமாறாமல் நடப்பதற்குக் காரணம் எளிமையானது. வாணலியைப் பார்க்கும் கண்ணுக்கும் முடிவெடுக்கும் வாய்க்கும் நடுவே உள்ள தூரம் நான்கு முழம். பதம் தப்புகிறது என்று கிண்டுகிறவர் சொன்னால் முதலாளி அங்கேயே அடுப்பைத் தணிக்கச் சொல்கிறார். ஓர் அமைப்பின் லாவகத்தை இந்தத் தூரத்தைக் கொண்டே அளக்கலாம் என்பது நம் எண்ணம். காண்பவனுக்கும் முடிவு செய்பவனுக்கும் இடையிலான தூரம் குறையக் குறைய அமைப்பு இலகுவாகிறது. கூடக் கூடக் கனக்கிறது.

செயற்கை நுண்ணறிவு இத்தூரத்தைக் குறைக்கவும் கூடும், கூட்டவும் கூடும். இதில்தான் நம் விவாதம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

குறைப்பதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் விசைத்தறிகளில் மருத்துவத் துணி நெய்கிறார்கள். உலகின் எங்கெங்கோ உள்ள மருத்துவமனைகளில் காயங்களைச் சுற்றுவது அந்தத் துணி. இருபது தறி வைத்திருப்பவருக்கு வெளிநாட்டு வணிகரின் ஆங்கிலக் கடிதத்தைப் படிக்கவும், தர விதிகளைப் புரிந்துகொள்ளவும், விலைப்பட்டியல் எழுதவும் இதுவரை ஒரு தரகரோ கணக்கரோ வேண்டியிருந்தது. இன்று அவர் கைப்பேசியில் தமிழில் கேட்டு நொடியில் விளக்கம் பெறலாம். தறியருகே நிற்பவரே முடிவெடுப்பவராகவும் இருப்பதால், கருவி அவருக்குக் கூடுதல் கையாகிறது. அவர் நான்கு முழத் தூரம் அப்படியே இருக்கிறது. உலகம்தான் அருகே வந்துவிட்டது. இதை வரவேற்காமல் இருப்பது பழமைப் பற்றே தவிர வேறில்லை.

கூட்டுவதற்கும் சான்றுகள் உண்டு. அமெரிக்காவின் ஜில்லோ நிறுவனம் கணினி கணித்த விலையை நம்பி வீடுகளை வாங்கி விற்றது. வீட்டு விலை எந்தப் பக்கம் திரும்பும் என்பதைக் கணிக்க முடியவில்லை என்று ஒப்புக்கொண்டு 2021 நவம்பரில் அத்தொழிலையே மூடி, ஊழியர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேரை அனுப்பியது. சுவீடனின் கிளார்னா, தன் உரையாடல் மென்பொருள் 700 ஊழியர்களின் வேலையைச் செய்கிறது என்று 2024இல் பெருமையோடு அறிவித்தது. 2025இல் அதன் தலைவரே, செலவைக் குறைப்பதில் காட்டிய முனைப்பால் தரம் தாழ்ந்தது என்று சொல்லி மீண்டும் மனிதர்களைத் தேடத் தொடங்கினார். ஏர் கனடாவின் வழக்கு இன்னும் விசித்திரமானது. துக்கப் பயணத்துக்கான கட்டணச் சலுகை பற்றி அதன் உரையாடல் மென்பொருள் ஒரு பயணிக்குத் தவறான தகவல் கொடுத்தது. அது சொன்னதற்கெல்லாம் தான் பொறுப்பல்ல என்ற நிறுவனத்தின் வாதத்தைத் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் ஏற்கவில்லை. மூன்றிலும் அமைப்பு விரைந்து ஓடியது. முனையில் திருப்ப ஆளில்லை.

முனை என்பது நம்மவர்க்கும் புதிதல்ல. 356 கிலோ கொண்ட ஒரு கண்டி பஞ்சின் விலை 2022 மே மாத வாக்கில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபோது தமிழக நூற்பாலைகள் திணறின. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா பெரும்பாலான இந்தியப் பொருள்கள்மீது விதித்த வரி 50 விழுக்காடாக உயர்ந்தபோது, ஏற்றுமதியை நம்பிய ஜவுளித் தொழில் ஒரே வாரத்தில் வேறு உலகத்தில் கண்விழித்தது. கடந்தவற்றைக் கற்றுத்தான் இந்தக் கருவிகள் வருவதை ஊகிக்கின்றன. முன்பு நிகழ்ந்திராதது நிகழும்போது அவை தடுமாறுவது இயல்பு. அது அவற்றின் குற்றமன்று. தவறினால் தவறியது என்று முதலில் அறிபவன் களத்தில் நிற்பவன். அவன் குரலுக்கு மேலே செல்ல வழி இருக்கிறதா என்பதே அப்போது ஆலையின் கதியைத் தீர்மானிக்கும்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. களத்தில் நிற்பவர் எல்லோரும் தேர் திருப்புபவர்கள் அல்லர். தன் ஊர்க்காரனுக்கும் சாதிக்காரனுக்கும் மட்டும் வேலை கொடுத்த மேஸ்திரிகளை நாம் அறிவோம். கணக்கை இருட்டில் வைத்து அதிகாரம் செலுத்தியவர்களும், சொல்லித்தந்தால் தன் மதிப்புப் போய்விடும் என்று தொழில்நுட்பத்தைப் பூட்டிவைத்தவர்களும் இருந்தார்கள். ஒளிவுமறைவின்றி எண்களைக் காட்டும் இயந்திரம் அவர்கள் கையிலிருந்து அதிகாரத்தைப் பிடுங்கினால், அது எளிய தொழிலாளிக்குக் கிடைத்த விடுதலையும்தான். 'அனுபவம்' என்ற சொல்லின் பின்னே எத்தனையோ சோம்பலும் சூதும் ஒளிந்துகொள்ள முடியும். ஆம், வசைச்சொல்லின் பொருளிலும் முட்டுக்கட்டைகள் இருக்கவே செய்கின்றன.

ஆனால் இந்த மறுப்பு நம்மை எங்கே கொண்டு செல்கிறது? கட்டை போடுபவர்களை ஒட்டுமொத்தமாக அனுப்பிவிடும் முடிவுக்கு அல்ல. நல்ல கட்டையையும் கெட்ட கட்டையையும் பிரித்தறியும் முறைக்கு. அம்முறை அப்படியொன்றும் புதிரானதன்று. மறுத்தவர் ஏன் மறுத்தார் என்பதைக் கேட்டு எழுதிவையுங்கள். கருவி சொன்னது, அவர் சொன்னது, பின்னர் உண்மையில் நிகழ்ந்தது மூன்றையும் அருகருகே வையுங்கள். ஓராண்டில் யார் தேர் திருப்புபவர், யார் வெறுமனே வழிமறிப்பவர் என்பது தெரிந்துவிடும். சொல்லப்போனால் கருவிக்கும் அதுவே நல்ல பாடமாகும். நண்பரின் ஆலையில் திரையில் ஒரு கட்டம் இருந்திருந்தால், 'மறுகோடியில் காற்று வரண்டிருக்கிறது' என்ற ஒரு வரி அதில் ஏறியிருந்தால், அளக்கும் கருவி தவறான இடத்தில் இருப்பது அன்றே புலப்பட்டிருக்கும். அதற்குச் செலவாகியிருக்கக்கூடியது ஒரு மேஸ்திரியின் ஐந்து நிமிடம்.

ஆகவே செயற்கை நுண்ணறிவை வாங்கும் நிறுவனத் தலைவர்களிடம் நாம் கேட்க விரும்புவது அதன் வேகத்தைப் பற்றியல்ல. மூன்று எளிய கேள்விகள். இது சொல்வதற்கு மாறாக நிறுத்தும் உரிமை, பெயர் சொல்லி, எழுத்தில், யாருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது? அவர் நிறுத்தியது பிழையாகப் போனால் அவருடைய வேலைக்கு ஊறு வராது என்பதற்கு என்ன உறுதி? அவர் ஓய்வு பெற்றபின் அந்த விரல்நுனி அறிவு யாரிடம் இருக்கும்? மூன்றாவது கேள்வியே நம்மை அதிகம் கலங்கச் செய்கிறது. இழையைத் தொட்டுப் பார்த்துக் கற்பதற்குப் பல்லாண்டுகள் வேண்டும். இளைஞர் ஒருவர் முதல் நாளிலிருந்தே திரையை மட்டும் பார்த்து வளர்ந்தால், திரை பிழைபடும் நாளில் அது பிழை என்று சொல்ல அவருக்கு எதுவும் இராது. அப்போது உரிமை இருந்தும் பயனில்லை.

மீண்டும் ரத வீதிக்கே வருவோம். பழைய மரச்சக்கரங்களின் காலத்தில் தேர் நிலைக்கு வந்து சேர நாட்கள் பல ஆகும் என்று ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்று தமிழகத்துப் பெருந்தேர்கள் பலவற்றுக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்துவிட்டன. திருவாரூர் ஆழித்தேருக்கு அவற்றைச் செய்து கொடுத்தது திருச்சி பெல் நிறுவனம். யாரும் அதை எதிர்க்கவில்லை. எதிர்க்க வேண்டியதும் இல்லை. ஆனால் அந்தத் தேர்கள் முனையை அடையும்போது இன்றும் கட்டையோடு குனிபவர்கள் குனியத்தான் செய்கிறார்கள். இயந்திரம் வந்தது, அவர்கள் போகவில்லை. கோயில் நிர்வாகங்களும் ஊர்மக்களும் எந்த மேலாண்மை நூலையும் படித்து இம்முடிவுக்கு வரவில்லை. தேர் வீட்டுச் சுவரில் மோதினால் என்னவாகும் என்பது அவர்களுக்குத் தெரியும், அவ்வளவே.

நண்பரிடம் அந்த மேஸ்திரி இப்போது எங்கே என்று கேட்டோம். ஆலையில்தான் இருக்கிறார், ஓய்வுக்கு இன்னும் ஓராண்டு இருக்கிறது என்றார். 'இப்போ அவர் எதுவும் சொல்றதில்ல. கேட்டாத்தான் சொல்றாரு.' கேட்கிறார்களா என்று வினவினோம். நண்பர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, தான் மட்டும் நாள்தோறும் ஒருமுறை அவர் பக்கம் போய் நின்றுவிட்டு வருவதாகச் சொன்னார்.